வேலிக்குள் மான், மலையில் சிறுத்தை

(தலைநகரில் தமிழர் அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென் தில்லியில் ஹவுஸ் காஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மான் பூங்கா தெரியாமல் இருக்காது. காலை நடைக்குப் போகிறவர்களும் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் கம்பி வேலி ஓரமாகச் சற்று நேரம் நிற்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். மனித வாடை பட்டாலும் காது விடைக்காது, எழுந்தும் ஓடாது.

காட்டில் இப்படி ஒரு புள்ளிமானைப் பார்க்க முடியாது. காட்டு மான் நாலு வாய் மேய்ந்ததும் தலையை நிமிர்த்தும். காற்றை முகரும். ஏதோ சரியில்லை என்று பட்டால் முன்னங்காலால் தரையைத் தட்டும். பிறகு கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டால் மரத்தின் மேலிருக்கும் குரங்குகூடத் தின்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்க்கும். காட்டில் வேலை செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் புலியோ சிறுத்தையோ நடமாடுவதை முதலில் அறிவது கண்ணால் அல்ல, இந்தக் குரலால்தான். மானின் மெலிந்த காலும் விரிந்த காதும் விழிப்பும் தன்னைத் தின்ன வருகிறதைப் பார்த்துப் பார்த்து ஆயிரமாயிரம் தலைமுறைகளாக உருவானவை. புலியின் பதுங்கலும் அப்படித்தான். ஒன்றை விட்டு ஒன்றை விளக்கவே முடியாது.

ஏ.என். ஜா மான் பூங்கா என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் 1960-களில் ஆறு மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன எந்த விலங்கும் இல்லை, தீனிக்கும் பஞ்சமில்லை. ஆறு பெருகி ஏறத்தாழ அறுநூறு ஆயிற்று. இடம் போதவில்லை, நெருக்கத்தில் நோய் வரும் என்ற அச்சம் எழுந்தது. 2023-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பூங்காவின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மான்களை ராஜஸ்தானின் புலிகள் காப்பகங்களுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

இதே தில்லியின் தென்கோடியில், ஹவுஸ் காஸிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டர் அளவில், அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடரின் வடக்கு நுனி அது. பரப்பு 32 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2021–22-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அங்கே தானியங்கி கேமராக்களை வைத்துப் பார்த்ததில் எட்டுச் சிறுத்தைகள் படத்தில் விழுந்தன. நாடாளுமன்றம் இருக்கும் ஊரில் எட்டுச் சிறுத்தைகள்!

நகரத்து வேலிக்குள் அறுநூறு வரை பெருகிய மான்கள், அவற்றைத் தின்ன ஒரு விலங்கு இல்லை. மலையில் எட்டுச் சிறுத்தைகள், அங்கே மான் கூட்டங்கள் இல்லை. வேட்டையாடும் விலங்கைக் காப்பது ஒரு வேலை, இரையைக் காப்பது வேறொரு வேலை என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வந்த வினை இது. இந்த உரை சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான்.

புலி எவ்வளவு சாப்பிடும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். கர்நாடகத்தின் நாகர்ஹோளே காடுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த உல்லாஸ் காரந்த் சொல்லிவரும் கணக்கு எளிமையானது. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் ஐம்பது பெரிய விலங்குகளை அடிக்கிறது: மான், கடமான், காட்டுப்பன்றி, காட்டெருது. ஒரு கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இழந்தாலும் மீதி குட்டி போட்டு ஈடுகட்டிவிடும். ஆக, ஒரு புலி நிலைத்து வாழ ஐந்நூறு இரை விலங்குகள் அந்தக் காட்டில் இருக்க வேண்டும். முதலில் கை வைக்காமல் வட்டியில் குடும்பம் நடத்துவது போன்றது இது. முதல் கரைந்தால் புலியும் கரையும், துப்பாக்கி தேவையில்லை.

இந்தக் கணக்கை ஹவுஸ் காஸ் மான்களோடு பொருத்திப் பார்த்தால் ஒரு திகைப்பு வரும். ஐம்பது அறுபது ஆண்டுகளில் பெருகி, நகர நிர்வாகத்தையும் நீதிமன்றத்தையும் திணறடித்த அந்த மொத்த மந்தையும் காட்டில் ஒரே ஒரு புலிக்குத்தான் போதும். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மான் பூங்கா அளவு உயிர்கள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். அவை மேய்வதற்குப் புல் வேண்டும். புல்லுக்கு வெயில் படும் திறந்த நிலம் வேண்டும். புலிக் கணக்கு வெளியாகும் நாளில் தொலைக்காட்சிகள் மூன்று நாள் பேசுகின்றன. மான் கணக்கைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. அந்த ஆர்வத்தில் பாதியாவது இதற்கும் வர வேண்டும்.

மரம் நிற்பதாலேயே காடு உயிரோடு இருப்பதாகச் சொல்ல முடியாது. கம்போடியாவைப் பாருங்கள். பரந்த காடுகள் கொண்ட நாடு. அங்கே கேமராவில் கடைசியாக ஒரு புலி விழுந்தது 2007-இல். 2016-இல் புலி இனி அந்த நாட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். புலியைச் சுட்டது மட்டும் காரணமல்ல. காடெங்கும் கம்பிச் சுருக்கு வைத்து மானையும் பன்றியையும் துடைத்துவிட்டார்கள். சமைக்க ஒன்றுமில்லாத வீடுபோல் அந்தக் காடுகள் நிற்கின்றன. அங்கே மீண்டும் புலியைக் கொண்டுவர இந்தியாவோடு பேசிவருகிறார்கள். இரை திரும்பாமல் புலி மட்டும் திரும்பி என்ன செய்யும்?

தில்லிக்கும் வேட்டைக்கும் பழைய உறவு உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக், இன்று இந்து ராவ் மருத்துவமனை இருக்கும் வடக்குக் குன்றில் ஒரு வேட்டை மாளிகை கட்டினார். அந்த மாளிகைக்கு மீரட்டிலிருந்து ஓர் அசோகர் தூணைக் கொண்டுவந்து நிறுத்தினார். டோப்ராவிலிருந்து இன்னொரு தூண் யமுனையில் படகேறி வந்து கோட்லாவில் நின்றது, இன்றும் நிற்கிறது. அந்த இரண்டாவது தூணில் எந்தெந்த உயிர்களைக் கொல்லக் கூடாது என்று அசோகர் பட்டியலே பொறித்திருக்கிறார். கிளி, வௌவால், ஆமை, அணில், முள்ளம்பன்றி எல்லாம் அதில் உண்டு. காட்டைக் காரணமின்றிக் கொளுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. சுல்தான் காலத்தில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துச் சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. வேட்டைப் பிரியரான ஓர் அரசர், உயிர்க்கொலையைத் தடுக்கும் ஆணையை அவ்வளவு பாடுபட்டுத் தலைநகருக்குச் சுமந்து வந்திருக்கிறார்.

நம் காலத்துக்கு வருவோம். புலியைக் காக்கும் இயக்கம் பிறந்ததும் தில்லியில்தான். தில்லி உயிரியல் பூங்காவின் இயக்குநராக இருந்த கைலாஷ் சங்க்லா, 1967-இல் நகரத்துத் தோல் கடைகளுக்குள் வாங்க வந்தவர்போல் நுழைந்து, அங்கே தொங்கிய புலித் தோல்களையும் சிறுத்தைத் தோல்களையும் வெளியுலகுக்குக் காட்டினார். கன்னாட் பிளேஸில் இன்று துணிக்கடைகள் இருக்கும் வரிசையில் அன்று அந்தத் தோல்கள் மேலங்கிகளாக விற்றன. 1969-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பொதுச்சபை தில்லியில் கூடியபோது இந்தியப் புலியின் நிலைமை பெரிய அவையில் பேசப்பட்டது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒன்பது காப்பகங்களோடு புலிகள் திட்டம். அதன் முதல் இயக்குநர் சங்க்லா. 1972-இல் நாடு முழுக்க எண்ணிக் கிடைத்த புலிகள் 1,827.

சங்க்லா தலைமுறை ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. புலிக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்; மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் நிறுத்தி, நீரையும் புல்லையும் மீட்டால் மான் பெருகும், மான் பெருகினால் புலி தானே வரும். கான்ஹாவில் அது நடந்தது. ஆனால் துப்பாக்கியைக் கண்காணிக்காவிட்டால் அதுவும் நிலைக்காது என்பதைத் தில்லியிலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் சரிஸ்கா புலிகள் காப்பகம் காட்டியது. 2004–05-இல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. தில்லி சதர் பஜாரிலிருந்து தோல் வணிகம் நடத்திய சன்சார் சந்த் 2005-இல் தில்லியில் கைதானார். புலிப் பாதுகாப்பை ஆராயச் சுனிதா நாராயண் தலைமையில் பணிக்குழு அமைந்தது. 2008-இல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டார்கள். அங்கே மான் கூட்டமும் நீல்காய் என்னும் மான்மாடும் கடமானும் இருந்தன. அதனால் வந்த புலி தங்கியது, குட்டி போட்டது. இப்போது எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது.

இனி சிறுத்தைக்கு வருவோம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சிறுத்தையின் சேதி வேறு. பெரிய மான் கிடைத்தால் மான். இல்லையென்றால் முயல், முள்ளம்பன்றி, மயில், குரங்கு, ஆடு, கன்று, நாய். புலி விட்டுப்போன இடங்களிலெல்லாம் சிறுத்தை பிழைத்திருப்பதற்கு இந்த வயிறுதான் காரணம். நாட்டில் 2022 கணக்கின்படி 13,874 சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,070.

மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் வித்யா அத்ரேயாவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அங்கே காடு இல்லை. கரும்புத் தோட்டம், வெங்காய வயல், வீடுகள். அந்தக் கரும்புக்குள் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தைகள் வரை வாழ்ந்தன. எச்சத்தை எடுத்து அலசியபோது அவற்றின் உணவில் எடைக் கணக்கில் 39 விழுக்காடு நாய். கால்நடையும் வளர்ப்பு விலங்கும் சேர்த்தால் 87 விழுக்காடு. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி வாழும் சிறுத்தைகள் தெருநாய்களைத் தின்பதால் நாய்க்கடியும் வெறிநோய்ச் சாவும் எவ்வளவு குறைகின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ தொண்ணூறு மனித உயிர்கள் என்றது அது. மதிப்பீடுதான், சர்ச்சைக்கு இடமுண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இதைக் கேட்டுச் சிறுத்தைக்கு நாயே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நாய் இருப்பது வீட்டு வாசலில். நாயைத் தேடி வருகிற சிறுத்தை வாசலுக்கு வருகிறது. வாசலில் குழந்தை இருக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிய துயரங்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சூழலியல் பேச முடியாது. காட்டின் இரை காட்டிலேயே இருப்பது அந்தத் தாய்க்கும் வேண்டியது, சிறுத்தைக்கும் வேண்டியது.

மீண்டும் தில்லிக்கு வருவோம். அசோலாவில் எட்டுச் சிறுத்தைகள் என்று எப்படி எண்ணினார்கள் என்று பலரும் கேட்பார்கள். காட்டுப் பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுவார்கள். சூடான உடல் ஒன்று குறுக்கே வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் படமெடுக்கும். இரண்டு எதற்கு? சிறுத்தையின் இடப்பக்கத்துப் புள்ளிக் கோலமும் வலப்பக்கத்துக் கோலமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. நம் கைரேகைபோல் ஒவ்வொரு சிறுத்தைக்கும் ரோஜாப்பூ வடிவப் புள்ளிகளின் அடுக்கு தனி. விலாவில் மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு முக்கோணம், தொடைக்கு மேல் பாதி அழிந்த வளையம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது நேற்று வந்தவர், இது புதியவர் என்று பிரிப்பார்கள். கண் வலிக்கும் வேலை. அதே கேமராக்களில் கழுதைப்புலியும் நரியும் காட்டுப்பூனையும் முள்ளம்பன்றியும் விழுந்தன.

அந்த மலை ஒரு காலத்தில் சுரங்கம். தில்லி வீடுகளின் பூச்சுக்கும் கலவைக்கும் போன பதர்பூர் மணல் பட்டிக் குழிகளிலிருந்து தோண்டியது. நம் ஊர் ஒட்டர்களைப் போல மண் தோண்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஓட் மக்கள் அங்கே குடியேறி வேலை செய்தார்கள். அசோலா, மைதான் கர்ஹி, ஷாஹுர்பூர் கிராமங்களின் பொது நிலம் 1986-இல் சரணாலயமாயிற்று. 1991-இல் பட்டியும் சேர்ந்தது. சுரங்கம் நின்றது. குழிகளில் மழைநீர் தேங்கி ஏரிகளாயின. கோடையில் அந்த நீரைத் தேடித்தான் விலங்குகள் வருகின்றன. 2007-இல் தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி நகரத்துக் குரங்குகளைப் பிடித்து ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். காட்டுக்குள் குரங்குக்குப் பழமரம் இல்லாததால் அவற்றுக்குத் தனியாகத் தீனி போட வேண்டியிருந்தது.

பழமரம் ஏன் இல்லை, மான் மேயப் புல் ஏன் இல்லை? தமிழருக்குப் பதில் சொல்ல நெடுநேரம் தேவையில்லை. சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்க்காரர்களுக்கு நன்றாகப் பழகிய அதே மரம். தில்லியில் அதற்கு விலாயத்தி கீக்கர் என்று பெயர். புதுத் தில்லி கட்டிய காலத்தில் ஆங்கிலேயர்கள் மொட்டைக் குன்றைப் பசுமையாக்க அதை நட்டார்கள். அது இலந்தையையும் வெள்வேலத்தையும் புரசையும் ஓரங்கட்டிவிட்டுத் தான் மட்டும் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சை. உள்ளே போனால் நிழலடியில் வெறுந்தரை. நீலகிரியில் உண்ணிச்செடி புல்வெளியை மூடியபோது மேயும் விலங்குகளுக்கு என்ன நேர்ந்ததோ அதேதான் இங்கும்.

தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு இதற்கு ஒரு வழி சொன்னார். மரத்தை வேரோடு பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் மண் சரியும், இருக்கும் உயிர்களும் ஒதுங்க இடமில்லாமல் போகும். கிளைகளை மட்டும் கழித்து வெயிலை உள்ளே விடுங்கள், அடியில் இந்த மண்ணின் மரங்களை நடுங்கள், அவை வளர்ந்ததும் சீமைக்கருவேலம் தானே பின்வாங்கும் என்றார். சீமைக்கருவேலத்தை அகற்ற நீதிமன்ற உத்தரவு வந்ததும் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்திய நம் மாவட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெதுவான வழிதான். ஆனால் காடு அதன் வேகத்தில்தான் வரும்.

அவர் வழியில் உருவானதுதான் வட தில்லியில் ஜகத்பூருக்கு அருகே இருக்கும் யமுனை பல்லுயிர்ப் பூங்கா. 457 ஏக்கர். உப்புப் பூத்த நிலத்தைப் பதினைந்து ஆண்டுகளில் சதுப்பாகவும் புல்வெளியாகவும் மரக்கூட்டமாகவும் மாற்றினார்கள். பறவை வந்தது, காட்டுப்பன்றி வந்தது. 2016 நவம்பரில் ஒரு சிறுத்தையும் வந்தது. உணவுச் சங்கிலி நிறைவடைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம், பிடிக்காதீர்கள் என்று பாபு வாதாடினார். அச்சம் வென்றது. டிசம்பரில் கூண்டு வைத்துப் பிடித்து, உத்தரப் பிரதேசத்தில் சஹாரன்பூர்ப் பக்கம் சிவாலிக் காட்டில் விட்டார்கள்.

அதே 2016 நவம்பரில், 24-ஆம் தேதி, குருகிராம் மாவட்டத்தில் சோஹ்னா அருகே மண்டாவர் கிராமத்துக்குள் வேறொரு சிறுத்தை நுழைந்தது. அது மிரண்டு ஓடியதில் சிலர் காயப்பட்டார்கள். ஊர் திரண்டது. தடியாலும் கையில் கிடைத்ததாலும் அடித்தே கொன்றுவிட்டார்கள். சில வாரங்களுக்குள், ஒரே தலைநகர் வட்டாரத்தில். ஒரு சிறுத்தை கூண்டுக்குள், ஒரு சிறுத்தை பிணமாக. சும்மா நடந்து போக அனுமதிக்கப்பட்டது எதுவும் இல்லை.

பிடித்து வேறிடத்தில் விட்டால் தொல்லை தீரும் என்பது ஆபத்தான நம்பிக்கை. புணே மாவட்டத்து ஜுன்னாரில் 2001-க்குப் பிறகு சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி நான்காக இருந்த மனிதர் மீதான தாக்குதல் பதினேழாக ஏறியது. ஊர் தெரியாத விலங்கு, தண்ணீர் எங்கே, இரை எங்கே, ஆள் எந்த நேரத்தில் நடமாடுவார் என்று ஒன்றும் தெரியாமல் தடுமாறும். காலியான இடத்துக்கு வேறொரு இளம் சிறுத்தை வந்துசேரும். 2024 ஏப்ரலில் அதே ஜகத்பூர் கிராமத்தில் ஒரு சிறுத்தை வீட்டுக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்தியது. ஏழாண்டுக்கு முன் ஒன்றைப் பிடித்தது இதைத் தடுக்கவில்லை.

இன்னொரு பயணம் எல்லாவற்றையும் விட வியப்பானது. சரிஸ்காவில் பிறந்த இளம் ஆண் புலி ஒன்று 2024-இல் தனக்கென்று ஓரிடம் தேடி ஹரியானாவின் ரேவாரி மாவட்டம் வரை நடந்து வந்தது. கடுகு வயலும் கம்பு வயலும் தாண்டி, ஜாபுவா என்ற சிறு காட்டில் மாதக்கணக்கில் தங்கியது. நீல்காயும் காட்டுப்பன்றியும் அதற்குப் போதுமாக இருந்தன. மனிதர் யாரையும் அது கொல்லவில்லை. ரேவாரியிலிருந்து தில்லி சுமார் எண்பது கிலோமீட்டர். நவம்பரில் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்து, ராஜஸ்தானின் பூந்தி மாவட்டத்தில் இருக்கும் ராம்கர் விஷ்தாரி புலிகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

ஹவுஸ் காஸ் புள்ளிமான்கள் போய்ச்சேர்ந்த இடங்களில் ஒன்று அதே ராம்கர் விஷ்தாரிதான்! ஆரவல்லியில் இடம் தேடி வந்த புலியையும் தில்லியில் இடமில்லாமல் போன மானையும் இரண்டு வண்டிகளில் ஏற்றி ஒரே காட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். தலைமுறைகளாகக் கேரட் வாங்கித் தின்ற மானுக்குப் புலியின் வாடை தெரியாது. கருவுற்ற மான்களும் குட்டிகளும் அந்த வண்டிகளில் ஏற்றப்பட்டதாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 நவம்பரில் நீதிமன்றம் இடமாற்றத்தை நிறுத்திவைத்தது. சரியான தீர்ப்பு. இரையைப் பெருக்குவது என்பது மூட்டை இறக்குவதுபோல் மானை இறக்கிவிட்டு வருவதல்ல. கூனோ தேசியப் பூங்காவில் சிவிங்கிப்புலிகளுக்காகப் பேஞ்ச் காப்பகத்திலிருந்து மான்களைக் கொண்டுபோனபோதும் அவை காட்டு மான்கள், ஓடத் தெரிந்தவை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து வந்த எட்டுச் சிவிங்கிப்புலிகளையும் அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பன்னிரண்டையும் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அவற்றின் எதிர்காலமும் கடைசியில் கூனோவின் புல்லில்தான் இருக்கிறது.

சென்னைக்காரர்கள் கிண்டியை நினைத்துக்கொள்ளலாம். 270 ஹெக்டேர் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. பெரிய இரைகொல்லி எதுவும் இல்லை. பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் தெருநாய்கள் மானைத் துரத்திக் கடித்துக் கொல்வது பழைய கதை. இயற்கையான வேட்டைவிலங்கு போன இடத்தில் நாம் வளர்த்துத் தெருவில் விட்ட வேட்டைவிலங்கு வந்து உட்காருகிறது. நாய் மானை அடித்தால் காட்டின் ஒழுங்கு எதுவும் மீளாது. அசோலாவின் முயலுக்கும் நீல்காய்க் கன்றுக்கும் கூட இதே நாய்த்தொல்லை உண்டு.

ஆக, தில்லியின் சிறுத்தைகளுக்கு உண்மையில் தேவை என்ன? அசோலாவிலிருந்து தெற்கே ஃபரீதாபாத், குருகிராம் மலைகள் வழியாகத் தம்தமா, நூ கடந்து சரிஸ்கா வரை தொடரும் ஆரவல்லி வழித்தடம் அறுபடாமல் இருக்க வேண்டும். எட்டுச் சிறுத்தைகள் 32 சதுர கிலோமீட்டருக்குள் அடைந்து கிடக்க முடியாது. அவற்றில் சில இன்று தில்லியில் இருக்கும், நாளை ஹரியானாவில் இருக்கும். எல்லைக் கல் அவற்றுக்குத் தெரியாது. நடுவில் மாங்கர் பனி என்ற காடு இருக்கிறது. குதரியா பாபா என்ற சாதுவின் பெயரால் சுற்றுவட்டக் குஜ்ஜர் மக்கள் அங்கே மரக்கிளை ஒடிப்பதில்லை. நம் ஊர் ஐயனார் கோயில் காடுபோல் அதுவும் கோயில் காடுதான். சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்னால் அந்தக் காட்டைக் காத்தது அந்த மக்களின் பயபக்தி. ஆரவல்லியின் பழைய மரங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டுமானால் இன்று அங்கேதான் போக வேண்டும்.

அந்த வழித்தடத்துக்குத்தான் எல்லாப் பக்கமும் நெருக்கடி. பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் 1900-இன் சிறப்பு உத்தரவுகளின் கீழ் வரும் நிலங்கள் காடுதான் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே பண்ணை வீடுகளுக்கு ஓரளவு கடிவாளம் விழுந்தது. குருகிராம், நூ மலைகளில் பத்தாயிரம் ஏக்கரில் விலங்குகளை அடைப்புக்குள் வைத்துக் காட்டும் சஃபாரித் திட்டத்தை 2025 அக்டோபரில் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் நூறு மீட்டர் உயரத்துக்கு மேல் எழுந்தால்தான் ஆரவல்லி என்ற வரையறையை ஏற்று, எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் இறுதியில் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சிறுத்தை பதுங்குவதும் முள்ளம்பன்றி வளை தோண்டுவதும் உயர்ந்த முகட்டில் அல்ல, அடிவாரப் புதர்களில்தான். அடிவாரத்தை விட்டுவிட்டு முகட்டை மட்டும் காப்பது வீட்டை இடித்துவிட்டுக் கூரையைக் காப்பது போலாகும்.

இந்த அவையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிகிறவர்கள். காட்டைக் காக்கும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை என்று நினைக்கலாம். ஆனால் செய்யக்கூடியவை உண்டு. அசோலாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாதுகாப்புக் கல்வி மையம் இருக்கிறது. பிள்ளைகளை மான் பூங்காவுக்குக் கூட்டிப்போவது போல அங்கேயும் ஒரு காலையில் கூட்டிப்போங்கள். வேலி இல்லாத நிலத்தில் நீல்காயின் குளம்படியும் முள்ளம்பன்றியின் உதிர்ந்த முள்ளும் எப்படிக் கிடக்கின்றன என்று அவர்கள் பார்க்கட்டும். சத்தர்பூர், சைனிக் ஃபார்ம் பக்கம் குடியிருப்பவர்கள் எஞ்சிய சோற்றையும் கறிக்கழிவையும் மலையோரம் கொட்டாதீர்கள். கழிவு நாயை அழைக்கும், நாய் சிறுத்தையை அழைக்கும். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாதீர்கள், துரத்தாதீர்கள், அது போக வழி விட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. குருகிராம்–ஃபரீதாபாத் சாலை அந்த வழித்தடத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. அதில் இரவில் வண்டி மோதி இறந்த சிறுத்தைகள் பல. அவற்றில் குட்டிகளும் உண்டு. வேலை முடிந்து அந்த வழியாக வீடு திரும்புகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். இருட்டிய பிறகு அங்கே வேகத்தைக் குறையுங்கள். ஒரு சிறுத்தை சாலையைத் தாண்டினால் அதன் பின்னால் இன்னொன்று வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.